ஓய்வூதியமும் தேடியதேட்டமே

மணமுறிவு என்றதும் எமது சமூகத்தில் பேச்சு எங்கே போய் நிற்கும் என்பது தெரிந்ததே. தாலிக்கொடி யாரிடம், சீதன வீடு யார் பெயரில், பிள்ளைகள் யாருடன்? இரு பக்கத்துப் பெரியவர்களும் கூடியிருந்து காணியின் பரப்பையும் நகையின் பவுணையும் ஒழுங்காகக் கணக்கிடுவார்கள். ஆனால் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாகக் கணவனின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கழிக்கப்பட்டு, ஏதோ ஒரு நிதியத்தில் வளர்ந்திருக்கும் பணத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. நான் ஆசிரியபீடத்தில் இருந்த காலத்தில் சீதனம் பற்றியும் தாபரிப்புப் பணம் பற்றியும் எத்தனையோ வாசகர் கடிதங்கள் வந்தன. ஓய்வூதியத்தில் பங்கு கேட்டு ஒரு கடிதமேனும் வந்ததாக நினைவில்லை.

இலங்கையில் தனியார் துறை ஊழியருக்கு முதுமைக்கென இருப்பது, 1958 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதி. சம்பளத்தில் 8 சதவீதத்தை ஊழியரும் 12 சதவீதத்தைத் தொழில்கொள்வோரும் செலுத்துகின்றனர். 1980 இல் உருவான ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்கொள்வோர் மேலும் 3 சதவீதம் செலுத்துகிறார். ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலும் சேமலாப நிதியை மீளப் பெறலாம். இங்கே ஒரு விசித்திரம் உண்டு. திருமணத்தின் காரணமாக வேலையை விட்டு விலகும் பெண், அந்த வயதுக்குக் காத்திராமலே தன் பணத்தை எடுத்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. சலுகை போலத் தோன்றும் இவ்விதி, மணமாகும் வேளையிலேயே அவளது முதுமைச் சேமிப்பைக் காலியாக்கிவிடுகிறது. அதன்பின் வளர்வது கணவனின் கணக்கு மட்டுமே. மணவாழ்வு முறிந்தால் அக்கணக்கு தானாக இரண்டாகப் பிரியும் என்று எந்த விதியும் இல்லை. சொத்தில் ஒரு பகுதியை எழுதிக் கொடுக்கும்படியோ ஒரு தொகையைச் செலுத்தும்படியோ மாவட்ட நீதிமன்றம் கட்டளையிடலாம். ஆனால் அது நீதிபதியின் தற்றுணிபு. கேட்பவளுக்குத்தான் அதுவும். அரச ஊழியரின் மனைவிக்கும் நிலைமை இதுவே. விவாகரத்தானவள் விதவை அல்லள். ஆகவே விதவைகள் அநாதைகள் ஓய்வூதியமும் அவளுக்கில்லை.

"உழைத்தவன் அவன், பணமும் அவனுடையது" என்பார்கள். இப்படிச் சொல்பவர்களுக்கு எமது தேசவழமையையே நினைவூட்ட விரும்புகிறேன். 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த அந்த வழக்காற்றில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூவகைச் சொத்துகள் உண்டு. மணவாழ்க்கைக் காலத்தில் தேடிய பொருளே தேடியதேட்டம். 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அதனைக் கணவன் மனைவி இருவருக்கும் சமமாக்கியது. 1947 இன் திருத்தமே அதைத் தேடியவருக்குரியதாக்கி, அவர் எதுவும் எழுதி வைக்காமல் இறந்தால் பாதி மற்றவரைச் சேரும் என்று குறுக்கிவிட்டது. அது முன்னேற்றமா பின்னடைவா என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும். சமைத்து, பிள்ளை வளர்த்து, மாமியாரைப் பராமரித்து ஒருத்தி வீட்டைச் சுமந்ததால்தான் மற்றவர் வேலைக்குப் போக முடிந்தது என்ற உண்மை, ஓய்வூதிய நிதியங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே எம்மவருக்குத் தெரிந்திருந்தது.

அதே உண்மையை, எம்மவர் அகதிகளாகச் சென்று குடியேறிய நாடுகள் இன்று சட்டமாக வைத்திருக்கின்றன. ஜேர்மனியில் 1977 முதல் விவாகரத்தோடு சேர்த்து ஓய்வூதிய உரிமைகளையும் குடும்ப நீதிமன்றம் பங்கிடுகிறது. பிரித்தானியாவில் 2000 டிசெம்பர் முதல் ஓய்வூதியத்தைப் பகிர நீதிமன்றம் கட்டளையிடலாம். கட்டளை இல்லாவிட்டால் நிதியம் எதையும் பிரிக்காது. சுவிற்சர்லாந்தில் இரண்டாம் தூண் எனப்படும் தொழில்சார் ஓய்வூதியத்தில் மணவாழ்க்கைக் காலத்தில் சேர்ந்த பகுதி 2000 முதல் சரிபாதியாகப் பிரிகிறது. பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்யும் மனைவியின் சேமிப்பு அதிகமாயின் கணவனும் அவளிடமிருந்து பெறுவான். அதுவும் நியாயமே.

எம்மவர் இழப்பது இங்கேதான். சுவிஸில் வாழும் தம்பதியர் ஊருக்கு வந்து கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ விவாகரத்துப் பெறுகின்றனர். செலவு குறைவு, மொழியும் தெரியும். ஆனால் சுவிஸ் ஓய்வூதிய நிதியத்திலுள்ள பணத்தைப் பிரிக்கும் அதிகாரம் 2017 முதல் சுவிஸ் நீதிமன்றங்களுக்கு மட்டுமே உண்டு. கொழும்புத் தீர்ப்பு அங்கே ஒரு பிராங்கையும் அசைக்காது. திரும்பிச் சென்று அந்த ஒரு விடயத்துக்காகத் தனியாக வழக்கிட வேண்டும். அதை அவளுக்குச் சொல்ல வேண்டிய சட்டத்தரணிக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே!

கனடாவில் நிலைமை சற்று நல்லது. கனடா ஓய்வூதியத் திட்டத்துக்கு இருவரும் சேர்ந்து வாழ்ந்த ஆண்டுகளில் செலுத்திய பங்களிப்புகளைக் கூட்டிச் சமமாகப் பிரிக்கிறார்கள். ஆனால் அரசாங்கத்துக்கு அறிவித்தால்தான் அது நடக்கும். "எனக்கு எதுவும் வேண்டாம், விட்டால் போதும்" என்று பெரியவர்கள் முன்னிலையில் கையெழுத்திட்டு வந்த பெண்கள் ரொறன்ரோவில் இருக்கிறார்கள். அவர்கள் அறிய வேண்டியது, ஒன்ராறியோவில் அத்தகைய கடதாசி இந்தப் பங்கீட்டைத் தடுக்காது என்பதே. 1987 ஜனவரி முதலாம் திகதிக்குப் பின் விவாகரத்துப் பெற்றவர்களுக்குக் கால வரையறையும் இல்லை. பிரிந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தாலும் திருமணப் பதிவையும் விவாகரத்துத் தீர்ப்பையும் எடுத்துக்கொண்டு இன்றே விண்ணப்பிக்கலாம்.