யாரைப் பார்க்க வந்தீர்கள்?

எந்தப் பள்ளிக்குச் சென்றாலும் வாசலில் காவலாளி நம்மை நிறுத்தி ஒரு கேள்வி கேட்பார்: "யாரைப் பார்க்க வந்தீங்க?" பெயர், வந்த நேரம், வந்த காரணம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதச் சொல்வார். அவசரமாகப் போகும்போது இது நமக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்விதான் முதல் வேலி. 2016-ஆம் ஆண்டு அந்த வேலியை ஒரு கைப்பேசி விளையாட்டு சத்தமில்லாமல் தாண்டியது. அந்த அனுபவத்திலிருந்து நாம் கற்க வேண்டியவை இன்றும் இருக்கின்றன.

அந்த ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்த 'போக்கிமான் கோ' என்ற விளையாட்டில் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தால் அதிகம் கிடைக்காது. எழுந்து நடக்க வேண்டும். ஆடுபவர் எங்கே நிற்கிறார் என்பதை ஜிபிஎஸ் காட்டிக் கொடுக்கும். ஊரில் உண்மையாகவே இருக்கும் சிலை, நூலகம், நீரூற்று, சுவரோவியம், வழிபாட்டுத் தலம் போன்றவை விளையாட்டின் வரைபடத்தில் 'போக்கிஸ்டாப்' என்றும் 'ஜிம்' என்றும் மையங்களாகத் தெரியும். அவற்றின் அருகே சென்றால் விளையாட்டுக்குத் தேவையான பொருட்கள் கிடைக்கும்.

இந்த மையங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் யார்? அரசு அல்ல, அந்தந்த இடத்தின் உரிமையாளர்களும் அல்ல. விளையாட்டை உருவாக்கிய நியான்டிக் நிறுவனம் 2012-இல் 'இன்கிரெஸ்' என்ற வேறொரு விளையாட்டை வெளியிட்டிருந்தது. அதை ஆடியவர்கள் தங்கள் ஊரில் அழகாகத் தெரிந்தவற்றைப் படம் பிடித்து அனுப்பினார்கள். அப்படிச் சேர்ந்த பட்டியலே பெருமளவில் புதிய விளையாட்டுக்கும் அடித்தளமானது. பள்ளி முகப்பில் நின்ற சிலைகளும், மாணவர்கள் தீட்டிய சுவரோவியங்களும் அதில் இருந்தன. தலைமையாசிரியரின் அனுமதியை யாரும் கேட்கவில்லை. சிலர் மட்டும் ஆடியவரை இது வெளியே தெரியவில்லை. சில வாரங்களில் கோடிக்கணக்கானோர் ஆடத் தொடங்கியபோதுதான் சிக்கல் புரிந்தது.

போலந்து நாட்டில் அவுஷ்விட்ஸ் வதைமுகாம் நினைவிடமும், அமெரிக்காவின் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையும் "இங்கே ஆடாதீர்கள்" என்று வேண்டிக்கொண்டன. ஹிரோஷிமா நகரம், ஆகஸ்டு 6 நினைவு நாளுக்கு முன் தன் அமைதிப் பூங்காவிலிருந்து மையங்களை நீக்கும்படி கேட்டது. அவை நீக்கப்பட்டன. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், ஆடுபவர்கள் எங்கே வந்து சேர்வார்கள் என்பதை இந்த விளையாட்டின் மூலமே கணித்துச் சில இளைஞர்கள் வழிப்பறி செய்ததாகக் காவல்துறை தெரிவித்தது.

பள்ளிகளைப் பற்றி வெளிப்படையாகக் கவலைப்பட்ட நாடு பிரான்ஸ். 2015 நவம்பரில் பாரிசிலும், 2016 ஜூலையில் நீஸ் நகரிலும் நடந்த தாக்குதல்களால் அந்நாடு கலங்கியிருந்த நேரம் அது. அன்றைய கல்வி அமைச்சர் நஜாத் வல்லோ-பெல்காசெம், பள்ளி வளாகங்களில் அரிய போக்கிமான்கள் தோன்றாதபடி செய்யுமாறு நிறுவனத்தைக் கேட்கப்போவதாக ஆகஸ்டு மாத இறுதியில் அறிவித்தார். ஒரு விளையாட்டைத் தேடி அந்நியர் பள்ளிக்குள் வரக்கூடும் என்பதே அவரது கவலை.

இங்கே நாம் நியாயமாகப் பேச வேண்டும். இதை ஆடுபவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள். பிள்ளையைக் கைப்பிடித்துக்கொண்டு நடக்கும் தந்தையர் உண்டு. இதனால் வீட்டை விட்டு வெளியே வந்து, உடலும் மனமும் தேறியவர்களும் உண்டு. அப்படியிருக்க, ஆபத்து எங்கே இருக்கிறது? சாதாரண நாளில், காரணமின்றிப் பள்ளி அருகே நெடுநேரம் நிற்பவர் எல்லோர் கண்ணிலும் படுவார். பள்ளிக்குள் ஒரு மையம் இருந்தால், அங்கே நிற்க யாருக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. நல்லவர் பத்துப் பேர் நிற்கும் இடத்தில், தீய எண்ணத்தோடு வரும் பதினோராவது ஆள் தனியாகத் தெரியமாட்டார். காவலாளியின் கேள்வி அங்கே வலுவிழந்து போகிறது.

சட்டம் இதில் ஓரளவே உதவியது. அமெரிக்காவின் மில்வாக்கி மாவட்டம் பூங்காக்களில் இத்தகைய விளையாட்டுகளுக்கு அனுமதி பெற வேண்டும் என்று 2017-இல் விதித்தது. பேச்சுரிமையைக் காட்டி நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. வீட்டு உரிமையாளர்கள் தொடுத்த வழக்கு 2019-இல் சமரசத்தில் முடிந்தது. அதன்படி, தனி வீட்டுக்கு 40 மீட்டருக்குள் இருக்கும் மையத்தை உரிமையாளர் கேட்டால் நீக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. பள்ளிகளுக்குப் பாதுகாப்பாக நின்றது நிறுவனத்தின் சொந்த விதிதான்: மழலையர் பள்ளி முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான பள்ளி வளாகத்துக்குள் மையம் கூடாது. கல்லூரிகளுக்கு இந்தத் தடை இல்லை.

நல்ல விதிதான். ஆனால் அதைக் காப்பவர்கள் யார்? புதிய மையங்களைப் பரிசீலிப்பவர்களில் பெரும்பாலோர் எங்கோ இருக்கும் சக ஆட்டக்காரர்கள். அவர்களுக்குக் கிடைப்பது சில புகைப்படங்களும் குறிப்புகளும் வரைபடமும் மட்டுமே. இப்போது நம் பங்கு வளாகங்களை நினைத்துப் பார்ப்போம். ஒரே மதிலுக்குள் ஆலயம், பள்ளி, விடுதி, மாதா கெபி எல்லாம் இருக்கின்றன. ஆலயமும் கெபியும் விதிப்படி ஏற்கத்தக்கவை; பார்க்கவும் அழகானவை. காலையில் அந்தக் கெபிக்கு முன்புதான் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள் என்பது தொலைவில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? ஆர்வத்தில் படம் அனுப்புபவர் நம் மாணவராகவே, ஏன், ஆசிரியராகவே கூட இருக்கலாம். மேலும், போக்கிமான் கோவில் ஏறத்தாழ 80 மீட்டர் தொலைவிலிருந்தே மையத்தைத் தொட முடியும். மதிலுக்கு வெளியே நின்றபடியே போதும்.

எனவே செய்ய வேண்டியது நம் கையில் இருக்கிறது. இவற்றை ஆடும் இளையோரை அழைத்து, நம் வளாகம் அந்த வரைபடத்தில் எப்படித் தெரிகிறது என்று காட்டச் சொல்வோம். அவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்க வேண்டாம். இதில் நமக்கு வழிகாட்டிகள் அவர்களே. பள்ளிப் பகுதிக்குள் மையம் இருந்தால், பள்ளி நிர்வாகம் விளையாட்டின் உதவிப் பக்கம் வழியாக நீக்கக் கேட்கட்டும். ஒரு விளையாட்டில் நீக்கினால் எல்லாவற்றிலும் நீங்கிவிடும் என்று நம்பிவிடக் கூடாது. 2025-இல் போக்கிமான் கோ ஸ்கோப்லி என்ற நிறுவனத்தின் கைக்கு மாறியது. இன்கிரெஸ் அதோடு போகவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நாளை இன்னொரு விளையாட்டு வரும். அன்றும் பார்க்க வேண்டும்.

ஆலயத்தின் கதவு யாரையும் கேள்வி கேட்காமல் திறந்திருக்க வேண்டும். பள்ளியின் கதவு ஒவ்வொருவரையும் கேட்டே திறக்க வேண்டும். இரண்டும் ஒரே மதிலுக்குள் இருக்கும்போது, எது எங்கே முடிகிறது என்பதை அங்கே வாழும் நாம்தான் அறிவோம். திருஅவைக்குள்ளேயே சிறார் பட்ட காயங்கள், அந்நியரை மட்டுமல்ல, அறிந்தவரையும் கேட்க வேண்டும் என்று நமக்கு உணர்த்தியிருக்கின்றன. நம் பள்ளி வாசலில் அந்தக் கேள்வியை இன்று கேட்பவர் யார்? அவருடைய கண்ணுக்கு எட்டாத வாசல்களை நாம் பார்த்துக்கொள்கிறோமா? அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் இதற்குச் சில நிமிடங்கள் ஒதுக்குவோம்.