கடைசி இரண்டு நிமிடம்

மீன் என்றாலே நமக்கு மசாலாதான் முதலில். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு எல்லாம் பிசறி அரை மணி நேரமாவது ஊறினால்தான் வறுவலுக்கு மனசு ஒப்பும். ஞாயிற்றுக்கிழமைக்கு அது சரி. புதன்கிழமை இரவு ஏழரைக்கு வேலையிலிருந்து வந்து அடுப்படியில் நிற்பவர்களுக்கு நான் சொல்வது ஜப்பானிய வீடுகளின் தெரியாக்கியை. அதில் மீன் வெறுமனே வேகும். ருசி, கடைசி இரண்டு நிமிடத்தில் ஊற்றுகிற சாற்றோடுதான் வந்து ஒட்டும்.

அங்கே இதற்குப் பேர்போனது 'புரி' என்ற மீன். குளிர்காலத்தில் கொழுப்பேறி வரும். தொயாமா வளைகுடாவின் ஹிமி துறைமுகத்துப் புரிக்குத் தனி மதிப்பு. நம் சந்தையில் அது கிடைக்காவிட்டாலும் அதன் உறவுக்காரர்கள் கிடைக்கிறார்கள். புரியும் நம் பாறை மீனும் ஒரே குடும்பம். ஜப்பானியர் இதே முறையில் சமைக்கிற சவாரா, நம் வஞ்சிரத்தின் பேரினத்தைச் சேர்ந்தது. எனவே பாறையோ வஞ்சிரமோ, விரல் தடிமனில் நாலு துண்டு வாங்கினால் போதும். ஆனால் புதிய மீனாக இருக்கட்டும். மசாலா மறைத்துவிடுகிற வாடையை தெரியாக்கியின் மெல்லிய பூச்சு மறைக்காது.

குக்கரில் அரிசியை வைத்துவிட்டு, துண்டுகளின் இருபுறமும் லேசாக உப்பு தூவுங்கள். பத்து நிமிடத்தில் நீர் முத்து முத்தாகக் கசியும். கவிச்சி அந்த நீரோடு வெளியே வருகிறது. துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். இந்த ஒரு வேலையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பிறகு அரிசி மாவோ மைதாவோ மெல்லிசாகத் தூவி, ஒரு கரண்டி எண்ணெயில் மிதமான தீயில் ஒருபுறம் மூன்று நிமிடம், மறுபுறம் இரண்டு நிமிடம். வெந்ததும் கல்லில் மிஞ்சிய எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சாறு மீனில் பிடிக்காமல் வழுக்கி ஓடும்.

சாறு என்பது ஜப்பானில் சோயா சாஸ், மிரின், சாகே என்ற அரிசி மது, சர்க்கரை. மிரின் பசையரிசியை வைத்துச் செய்கிற இனிப்பு மது. அது தருகிற பளபளப்பு தனி. அது இல்லாத வீட்டில் இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒன்றரை கரண்டி சர்க்கரை, நாலு கரண்டி தண்ணீர் போதும். வெள்ளைச் சர்க்கரையே இதற்கு ஏற்றது. கருப்பட்டியைப் போட்டால் அதன் வாசனைதான் முன்னால் நிற்கும். சோயா சாஸிலேயே உப்பு நிறைய என்பதால் வேறு உப்பு வேண்டாம்.

சாற்றை ஊற்றியதும் கல்லை விட்டு நகரக்கூடாது. சர்க்கரை சேர்ந்த சாறு சட்டென்று கருகும். முதலிலேயே ஊற்றாமல் கடைசிக்கு வைத்திருப்பதும் அதற்காகத்தான். பொடிப்பொடியாகக் கொதிக்கிற நுரை, நீர் வற்ற வற்றப் பெரிய குமிழிகளாகிச் சோம்பலாக வெடிக்கும். அந்த நேரத்தில் கரண்டியால் சாற்றை அள்ளி அள்ளி மீன்மேல் விட்டுக்கொண்டே இருங்கள். தூவிய மாவு சாற்றைப் பிடித்துக்கொள்ள, மீன் மெருகேறி மின்னும். இன்னும் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். ஆறும்போது தானாகவே இறுகிக்கொள்ளும். பக்கத்தில் துருவிய முள்ளங்கி, சூடான சோறு. குழம்பே வேண்டியதில்லை.

வஞ்சிரம் கட்டுப்படியாகாத வாரங்களுக்கு மத்தி இருக்கிறது. ஜப்பானிய வீடுகளிலும் மத்தியை விரித்து, மாவு தூவி, இதே மாதிரி சாறு பூசிச் சோற்றின்மேல் வைத்துச் சாப்பிடுகிறார்கள். மீன் வாங்கும்போதே "நடுமுள்ளை எடுத்து விரிச்சுக் குடுங்கக்கா" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மத்தி மெல்லிசு என்பதால் ஒவ்வொரு புறமும் ஒன்றரை நிமிடமே போதும்.