தள்ளுபடி

ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அரசாங்கமும் எதிர்க்கட்சியும் ஒருசேர ஜனங்களை ஏமாற்ற முடியும் என்பதை நான் இலக்கியத்தில் கற்கவில்லை. வங்கிக் கவுண்ட்டரில் கற்றேன்.

2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவு வங்கிகளில் விவசாயிகள் வாங்கிய பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. 16.43 லட்சம் பேர், 12,110 கோடி ரூபாய். மறுவாரம் ஒரு பெரியவர் தினசரியை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு எங்கள் கிளைக்கு வந்தார்.

"தம்பி, நம்ம கடனும் தள்ளுபடிதானே?"

கூட்டுறவுக் கடனுக்கு மட்டும்தான், இது வேறு வங்கி என்றேன்.

"பெரிய கம்பெனிக்காரங்களுக்கு இங்கதான் தள்ளுபடி பண்றாங்களாமே?"

"அது தள்ளுபடி இல்லீங்க ஐயா. ரைட்-ஆஃப்."

"அதுக்குத் தமிழ்ல என்ன தம்பி?"

பி.ஏ. ஆங்கிலம் படித்தவன், விமர்சனம் வேறு எழுதுகிறவன். பதில் இல்லை. 'எழுதித் தள்ளுதல்' என்று பெயர்க்கலாம். ஆனால் அது நம் தொடர்கதைக்காரர்கள் வாராவாரம் செய்கிற காரியம். கலைச்சொல் அகராதியில் ஏதாவது இருக்கலாம். கவுண்ட்டரில் நிற்கிறவருக்குப் புரியாதது எனக்கு உதவாது.

விஷயம் எளிமையானது. பயிர்க்கடன் தள்ளுபடியில் பாக்கி ஒழிந்தது. விவசாயி இனிக் கட்ட வேண்டியதில்லை. ரைட்-ஆஃபில் பாக்கி ஒழிவதில்லை. வராது என்று முழுவதும் ஒதுக்கீடு செய்துவிட்ட கடனை வங்கி தன் ஐந்தொகையிலிருந்து எடுத்துவிடுகிறது, அவ்வளவே. வாங்கியவன் சட்டப்படி கடன்காரன்தான். வழக்கு நடத்தலாம், சொத்தை ஏலம் விடலாம். இரண்டையும் நம் தினசரிகள் தள்ளுபடி என்றே அச்சிடுகின்றன. கோர்ட்டில் மனுவும் தள்ளுபடி, ஆடி மாசத்துப் புடவையும் தள்ளுபடி.

இதனால் யாருக்கு லாபம்? 2020 ஏப்ரலில், தகவல் உரிமை மனு ஒன்றுக்கு ரிசர்வ் வங்கி கொடுத்த பதிலிலிருந்து, ஐம்பது பெரிய கடன்காரர்களின் 68,607 கோடி ரூபாய் இவ்விதம் நீக்கப்பட்டது தெரிந்தது. கோடீஸ்வரர்களுக்குத் தள்ளுபடி என்று எதிர்க்கட்சி கூவிற்று. தள்ளுபடி வேறு, இது வேறு, வசூல் தொடர்கிறது என்று நிதியமைச்சர் பாடம் நடத்தினார். பாடம் சரியானதே. அதோடு விவாதம் முடிந்தது.

முடிந்திருக்கக் கூடாது. 2014-15 முதல் 2022-23 வரை ஒன்பது ஆண்டுகளில் வங்கிகள் நீக்கிய கடன் 14.56 லட்சம் கோடி. நீக்கிய கடன்களில் அதே ஆண்டுகளில் திரும்ப வந்தது 2.04 லட்சம் கோடி. இரண்டும் பாராளுமன்றத்தில் அரசாங்கமே சொன்ன கணக்கு. ஏழு ரூபாய்க்கு ஒரு ரூபாய். 'வசூல் தொடர்கிறது' என்ற வாக்கியத்தின் அர்த்தம் இவ்வளவுதான். ஆனால் தப்பான சொல்லால் கேள்வி கேட்டவர்களிடம், சொல்லைத் திருத்திவிட்டுக் கணக்கிலிருந்து நழுவுவது அமைச்சருக்குச் சுலபமாகிவிட்டது. தப்பான சொல் குற்றம் சாட்டுகிறவனுக்கு ஒருநாளும் உதவியதில்லை.

சிறுபத்திரிகைக்காரர்களாகிய நம்மை இதில் விட்டுவிட எனக்கு மனமில்லை. சொல்லின் செறிவு, துல்லியம் என்று நாம் எழுதாத கட்டுரை இல்லை. அந்தத் துல்லியமெல்லாம் நம் தனிமையையும் ஜன்னலையும் வர்ணிப்பதோடு தீர்ந்துவிடுகிறது. 'தள்ளுபடியான கோடிகள்' என்று கவிதைகள் என் பார்வைக்கும் வருகின்றன. கோபம் கவிஞருடையது, சொல் தினசரியிடம் கடன் வாங்கியது. கவிஞன் செய்திருக்க வேண்டிய வேலையை ஒரு பெரியவர் ஒரே கேள்வியில் செய்துவிட்டுப் போனார்.

மே மாதம் அவர் வீட்டு நகையை அடகு வைத்துக் கடனைக் கட்டினார். ரசீதில் முத்திரை வைத்துக் கொடுத்தது நான்தான். அந்தச் சொல்லை அவர் மறுபடி கேட்கவில்லை.