கைவிடாத கைத்தொலைபேசி

பதுளை பஸ் நிலையத்துக்கு அண்மையிற் கைத்தொலைபேசி திருத்துங் கடையொன்று உண்டு. சில வாரங்களுக்கு முன் அங்கே சென்று, என் கைத்தொலைபேசிக்குப் புதிய பற்றரி ஒன்று வேண்டுமெனக் கேட்டேன். கடையிலிருந்த இளைஞர் அதனை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, இத மியூசியத்துல குடுத்தா காசு தருவாங்க" என்றார். அங்கு நின்றோர் நகைத்தனர். நானும் உடன் நகைத்தேன். ஆயினும், பத்தாண்டுக்கு மேலாக என் சட்டைப்பையில் வாழ்ந்த ஒன்றைப் பிறர் நகைக்கக் கண்டும் அதன் பொருட்டு இரண்டு வார்த்தை பேசாதிருப்பது நன்றிகேடு என்று வீடு வரும் வழியிலே தோன்றிற்று. அவ்விரண்டு வார்த்தை வளர்ந்து இக்கட்டுரையாயிற்று.

அது நொக்கியா லூமியா 520 என்னும் பெயருடையது. 2013ஆம் ஆண்டில் வாங்கினேன். மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் ஆக்கிய விண்டோஸ் போன் என்னும் இயங்குதளம் அதனை இயக்குகின்றது. இன்று உலகத்தார் கையிலுள்ள திறன்பேசிகளிலே ஏறக்குறைய அனைத்தும் கூகிளின் அன்ட்ராய்ட், அப்பிளின் ஐஓஎஸ் என்னும் இரண்டு தளங்களுள் அடங்கிவிடும். மூன்றாவதாகக் களம் புகுந்து தோற்றது என்னுடையது. 2010இல் தோன்றிய அது, தன் புகழின் உச்சியில் நின்ற 2013ஆம் ஆண்டிலும், உலக விற்பனையில் நூற்றுக்கு நான்கு பங்கைத் தாண்டவில்லை.

தமிழ்ப் பண்டிதனொருவன் இதன்மேல் அபிமானங் கொண்டதற்குக் காரணம் யாது என வாசகர் வினவலாம். காரணம் எழுத்து.

ஏனைய தொலைபேசிகளைத் திறந்தாற் படங்கள் தோன்றும். கடிதத்துக்கு ஓர் உறைப்படம், கடிகாரத்துக்கு ஒரு வட்டப்படம், இன்னது எதற்கென்று விளங்காத வேறு பல படங்கள். என் தொலைபேசியை ஆக்கியோர் படத்திலும் எழுத்தையே பெரிதும் நம்பினர். பெரிய, மெல்லிய, அலங்காரமற்ற எழுத்துகள் திரையின் ஓரத்தையுங் கடந்து ஓடும். விரலால் தள்ளினால் எஞ்சிய சொல் வந்து சேரும். இவ்வமைப்புக்கு அவர்கள் முதலில் இட்டு வழங்கிய பெயர் 'மெட்ரோ'. நகரங்களில் ரெயில், பஸ் முதலியவற்றுக்கு வழிகாட்ட நாட்டப்படும் பெயர்ப்பலகைகளைக் கண்டு அவ்வமைப்பை எண்ணினராம். அதனை அறிந்தபோது எனக்குப் பெருமகிழ்ச்சி உண்டாயிற்று. பதுளை, கொழும்பிலிருந்து வரும் மலையகப் பாதையின் கடைசி நிலையம். 1924இல் ரெயில் இங்கு வந்து சேர்ந்தது. இளமையில் ஒவ்வொரு முறை ஊர் திரும்பும்போதும், தெமோதரையின் வளைவையும் ஹாலிஎலையையுங் கடந்து வந்து, அந்நிலையத்தின் பெயர்ப்பலகையிலே மும்மொழியில் எழுதிய ஊர்ப்பெயரைக் கண்டபின்னரே என் மனம் அடங்கும். அப்பலகையின் தெளிவை ஒரு பொறியின் முகத்திலே காண்பேனென நான் எண்ணியிருந்ததில்லை. (அதிலுள்ள எழுத்துகளை நான் ஆங்கிலத்திலேயே வைத்திருந்தேன் என்பதை மறையாது சொல்லிவிடுகிறேன். நல்லெழுத்து எம்மொழியில் இருந்தாலும் நல்லெழுத்தே.)

வேறு சில நன்மைகளும் உண்டு. அது விலை குறைந்த கருவி. அதன் நினைவகம் 512 மெகாபைட் மாத்திரமே. அதே விலையில் என் சகபாடிகள் வாங்கியவை ஓராண்டிலே களைத்து மூச்சிரைத்தன, இது தளரவில்லை. பின்மூடியைக் கழற்றிப் பற்றரியை நாமே மாற்றலாம். 2022இல் நாடெங்கும் மின்சாரம் மணிக்கணக்காகத் தடைப்பட்ட நாட்களிலே, முன்னரே நிரப்பிவைத்த இரண்டாம் பற்றரியொன்று என்னிடம் இருந்தது. புதிய தொலைபேசிகளில் அவ்வசதியைப் பெரும்பாலும் எடுத்துவிட்டனர். இதனை முன்னேற்றமெனக் கூறுவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

இவ்வளவு சிறப்புடையது ஏன் வீழ்ந்தது? என் மருமகன் கணினித் துறையிற் பயின்றவர். அவர் விளக்கியது இது. வாங்குவோர் குறைவு, ஆகவே செயலிகளை எழுதுவோர் இதற்கு எழுதவில்லை. செயலிகள் இல்லை, ஆகவே வாங்குவோர் மேலுங் குறைந்தனர். சுற்றிவரும் இச்சக்கரத்துக்குத் தொடக்கம் எது, முடிவு எது என்று காண்டல் அரிது. போட்டியாளரும் சும்மா இருந்தாரல்லர். யூடியூபைக் காண்பதற்கு மைக்ரோசொப்ட் தானே ஒரு செயலி ஆக்கி 2013இல் வெளியிட்டபோது, யூடியூபின் உரிமையாளராகிய கூகிள் அதனை ஏற்காது தடுத்துவிட்டது.

ஆனால் முழுப்பழியையும் பிறர்மேற் சுமத்துவது நடுநிலையாகாது. தன்னை நம்பினோரை முதலிற் கைவிட்டது அத்தளத்தை ஆக்கிய நிறுவனமே. 2012இல் எட்டாம் பதிப்பை அறிவித்தபோது, அதுவரை விற்ற ஏழாம் பதிப்புக் கருவிகளுக்கு அப்புதுப்பதிப்பு வராது என்று கூறிவிட்டனர். முந்திய மாதம் விலைகொடுத்து வாங்கியவனும் பழையவனாயினான். ஏனையோர் இகழ்ந்தபோதும் இதுவே நன்றென்று ஊரெங்கும் எடுத்துரைத்தோர் அவ்வாரம்பகால அடியாரே. அவர்கள் மனம் முறிந்தபின் பரிந்துபேச யார் உளர்? 2014இல் நொக்கியாவின் கைத்தொலைபேசித் தொழிலை எழுநூறு கோடி டொலருக்கு மேற் கொடுத்து வாங்கி, அடுத்த ஆண்டிலேயே அதனினும் பெரிய தொகையை நட்டக்கணக்கில் எழுதினர். 2017இல், இனிப் புதிய அம்சங்களையோ புதிய கருவிகளையோ ஆக்குவது நோக்கமன்று என அந்நிறுவனத்தின் பொறுப்பாளர் ஒருவர் வெளிப்படையாகவே கூறிவிட்டார். என் கருவியிலுள்ள 8.1ஆம் பதிப்புக்கான பராமரிப்பும் அவ்வாண்டு யூலையோடு நின்றது.

ஆசிரியர் ஓய்வறையில் என்னைச் சீண்டுவோர் பலர். நன்னூல் படிக்கும் மாணவனொருவனோ, பழையது கழிவதும் புதியது புகுவதுங் குற்றமன்று என அமைத்த பவணந்தி முனிவரையே என்மீது ஏவினான். அவனுக்கு அன்று விடை சொல்ல இயலவில்லை, உள்ளூர மெச்சிக்கொண்டேன். இன்னொருவர், நண்பர், என்னைத் தேற்றும் நோக்கத்தோடு, "பண்டிதரே, தமிழும் இந்நாட்டிற் சிறுதொகையினர் மொழிதானே, அதனாலேதான் உமக்கு இதன்மேற் பற்று" என்றார். அவ்வொப்புமை கேட்க இனிது. ஆனால் அதனை நான் ஏற்கவில்லை. தமிழ் அதனைப் பேசுவோர் உடைமை. ஒரு தோட்டத்து லயத்தில் ஒரு குடும்பம் பேசினாலும் அங்கே அது உயிரோடிருக்கும். இதனை எவரும் ஒரு தீர்மானத்தால் மூடமுடியாது. என் தொலைபேசியின் தளமோ நான் எவ்வளவு நேசித்தாலும் என்னுடையதன்று. அதன் திறவுகோல் வேறிடத்தில் இருந்தது. அன்ட்ராய்டின் அடிப்படை நிரல் யாவரும் எடுத்தாளத் திறந்திருப்பதனாலே, ஆக்கியோர் கைவிட்ட பழங்கருவிகளிற் பலவற்றை ஆர்வலர்கள் தாமே புதுப்பித்து ஓட்டிவருகின்றனர். எம்மனோர்க்கு அவ்வழியில்லை. இனிப் பேணோம் என்று முடிவுசெய்பவர், பேண விரும்புவோர் கையிலே திறவுகோலைக் கொடுத்துவிட்டல்லவா போகவேண்டும்? நம்பி விலைகொடுத்தவர்க்கு அவ்வளவேனும் கடன்பட்டவர் அவர்.

இனிச் சொல்லப்போவது எனக்குப் புகழ் தருவதன்று.

விண்டோஸ் போன் கருவிகளில் வட்ஸ்அப் 2019 டிசெம்பர் 31ஆந் திகதியோடு நின்றுபோகும் என்று முற்கூட்டியே அறிவித்திருந்தனர். புதுத் தொலைபேசி வாங்குமாறு வீட்டார் வற்புறுத்தினர். வட்ஸ்அப் இல்லாமலா தொல்காப்பியர் இலக்கணஞ் செய்தார் என்று கூறி மறுத்தேன். (இதனை அறிவுடைய மறுமொழியென அன்று எண்ணியிருந்தேன்.) சனவரியும் பெப்ரவரியும் அமைதியாகவே கழிந்தன. மார்ச் மாத நடுவிலே கொவிட் நோயின் பொருட்டு நாட்டிலுள்ள பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. அடுத்த சில நாட்களில் ஊரடங்கு. ஆசிரியர் குழு, வகுப்புக் குழு, பாடவிதானம், பயிற்சித்தாள் எல்லாம் வட்ஸ்அப்பிலே குடியேறின. நான் வெளியே நின்றேன்.

ஐந்து வாரம் அவ்வாறு நின்றேன். எது நடக்கிறது, எப்பாடம் அனுப்பப்பட்டது, என் தரம் 11 மாணவர்க்கு யார் என்ன சொன்னார் என ஒன்றும் அறியேன். அயலிலுள்ள ஆசிரியை ஒருவர் வேலியருகே வந்து இரக்கத்தோடு செய்தி சொல்லுவார். முப்பதாண்டாகத் தமிழ் கற்பித்தவன், தன் வகுப்பின் செய்தியை வேலிக்கு மேலாகக் கேட்டறியும் நிலை வந்தது. பிழை என்னுடையதே.

அந்நாட்களில் ஒருநாள், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து மாணவியொருத்தியின் தந்தை தொலைபேசியில் அழைத்தார். சாதாரண அழைப்புக்கு என் லூமியாவும் போதும். அவருடைய கருவியும் போதும்.

"ஐயா, புள்ளைக்குப் பாடம் எல்லாம் போன்ல வருதாம். எங்ககிட்ட பட்டன் போன்தாங்க இருக்கு. நீங்க அனுப்புனது ஒண்ணும் வந்து சேரலீங்க. நீங்க கோவிச்சுக்கக் கூடாது" என்றார்.

நான் எதனையும் அனுப்பவில்லை. அனுப்ப என்னாலும் இயலாது. அதனை அவரிடம் சொல்ல நாணினேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்! 2020ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. அச்சம்பளத்திலே திறன்பேசி வாங்குவதெப்படி, வாங்கினாலும் அதற்கு டேட்டா போடுவதெப்படி? நான் பிடிவாதத்தால் வெளியே நின்றேன். அவர் வறுமையால் வெளியே நின்றார். நின்ற இடம் ஒன்றே. ஆனால் நான் விரும்பிய அன்றே கடைக்குப் போய் உள்ளே வரலாம்.

அன்றிரவு பத்துப் பக்கம் பாடமெழுதினேன். மறுநாள் அத்தோட்டத்துக்குப் போகும் லொறிக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். ஊரடங்கிலும் தோட்ட வேலை நிற்கவில்லையாதலால் லொறி ஓடியது. ஊரடங்கு தளர்ந்ததும் முதற்காரியமாக அன்ட்ராய்ட் ஒன்றை வாங்கினேன். அதனைப் பற்றிச் சொல்லுவதற்கு எதுவுமில்லை. வேலை செய்கிறது.

இவ்வனுபவத்தின்பின் என் அபிப்பிராயம் ஒருவகையில் மாறியது; ஒருவகையில் உறுதிப்பட்டது. சிலரே விரும்பும் பொருளை விரும்புவது குற்றமன்று. தன் விருப்பத்துக்கான விலையைத் தானே கொடுக்கும்வரை அது அவரவர் உரிமை. நான் கொடுக்கவேண்டிய விலையின் ஒரு பகுதியை என் மாணவர் கொடுத்தனர், அதனாலேயே விட்டேன். அதே வேளையில், பெரும்பான்மையோர் நடக்கும் பாதையொன்றை ஒரே பாதையாக்கிவிடும் பாடசாலைகளையும் அலுவலகங்களையும் நோக்கி ஒன்று கேட்கவேண்டும். பரீட்சை விண்ணப்பத்தின் முடிவுத் திகதியையும் பெற்றார் கூட்டத்தையும் வட்ஸ்அப்பிலே போட்டுவிட்டு, 'அறிவித்துவிட்டோம்' என்கின்றனர். யாருக்கு அறிவித்தனர்? 2021இல் லுணுகலைப் பகுதியிலே, தொலைபேசி அலையைத் தேடி மலைக்காட்டில் ஏறி, மரத்தின்மேல் அமைத்த குடிலிலிருந்து பிள்ளைகள் பாடம் பெற்ற செய்தி உலகப் பத்திரிகைகளிலே படத்தோடு வந்தது. அலையும் கருவியும் உடைய பிள்ளைகள் எல்லாரும் அல்லர் என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுமா? பட்டன் தொலைபேசியிலும் குறுஞ்செய்தி போய்ச் சேரும். பழைய லூமியாவிலும் சேரும். அதற்குச் செயலியும் வேண்டாம், இன்ன தளமென்ற பேதமும் இல்லை. ஒரு செய்தியை இரண்டு வழியால் அனுப்புவதில் அதிபருக்குக் கூடுதலாகக் கால்மணி நேரம் செல்லலாம்.

என் வகுப்பைப் பொறுத்தவரை அக்கால்மணி நேரத்தை நானே செலவிடுகிறேன். குழுவிற் போடும் ஒவ்வோர் அறிவித்தலையும் குறுஞ்செய்தியாகவும் அனுப்புகிறேன். தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளிடம் தாளில் எழுதியுங் கொடுக்கிறேன். அவர்கள் அதனைக் கொண்டுபோய்ப் பெரட்டுக் களத்திலே தொழிலாளர் கண்ணிற் படும்படி ஒட்டிவிடுகின்றனர்.

பற்றரி அக்கடையிற் கிடைக்கவில்லை. பண்டாரவளையிலே பழைய கருவிகளைக் குவித்து வைத்திருப்பவர் ஒருவர் உளராம். அவரிடம் இருக்கக்கூடும் என்று அவ்விளைஞரே ஒரு தாளில் விலாசத்தை எழுதித் தந்தார். வருகிற சனிக்கிழமை காலை ரெயிலிற் போகலாமென்றிருக்கிறேன்.