தங்கம் தேடுவோர் சங்கம்



விடுமுறை நாளில் நீங்கள் என்ன செய்வீர்கள்? சிலர் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவீர்கள். சிலர் பந்து விளையாடத் திடலுக்குப் போவீர்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஆயிரக்கணக்கானோர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? காட்டுக்குள் போய்த் தங்கம் தேடுகிறார்கள்!

இவர்கள் சுரங்க முதலாளிகள் அல்லர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், வாரமெல்லாம் உழைத்துக் களைத்தவர்கள், பிள்ளைகுட்டிகளோடு கூடாரம் போட்டுத் தங்குபவர்கள். கையில் ஒரு மண்வெட்டி, ஓர் அலசும் தட்டு, மண்ணுக்குள் உலோகம் இருந்தால் ஓசை எழுப்பும் ஒரு கருவி. அவ்வளவுதான்.

ஈப்போ, கம்பார் வட்டாரங்களில் முன்பு டூலாங் தட்டில் ஈய மணல் அலசிய பெண்களை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தங்கம் அலசுவதும் அதே வித்தைதான். மண் நீரோடு போய்விடும். கனமான உலோகம் தட்டின் அடியில் தங்கிவிடும். டூலாங் அலசியது வயிற்றுப் பிழைப்புக்காக. இவர்கள் அலசுவது மன நிறைவுக்காக.

பல நாள் கிடைப்பது துருப்பிடித்த ஆணிதான். ஆனாலும் ஆசை விடுமா? 1980 செப்டம்பரில் கிங்கோவர் என்ற சிற்றூருக்கு அருகே ஒருவரின் கருவி ஓசை எழுப்பியது. தோண்டிப் பார்த்தால், 27 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரே தங்கக் கட்டி! அதைப் பத்து லட்சம் டாலருக்கு அமெரிக்கச் சூதாட்ட விடுதி ஒன்று வாங்கிக்கொண்டது.

இரத்தம் சிந்திப் பெற்ற சீட்டு

இந்தப் பொழுதுபோக்குக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1851-இல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்ததும் உலகமே அங்கே திரண்டது. தோண்டுபவர் ஒவ்வொருவரும் மாதம் 30 ஷில்லிங் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும் என்றது அரசாங்கம். தங்கம் கிடைத்தாலும் கட்ட வேண்டும், கிடைக்காவிட்டாலும் கட்ட வேண்டும். ஓட்டுரிமையோ கிடையாது. பொறுத்துப் பார்த்த மக்கள் பல்லராட் நகரின் யுரேகா திடலில் அரண் அமைத்து நின்றார்கள். 1854 டிசம்பர் 3-ஆம் நாள் படை வந்து தாக்கியது. இருபதுக்கும் மேற்பட்ட உழைப்பாளிகள் உயிர் துறந்தார்கள். தலைமை தாங்கிய பீட்டர் லேலர் ஒரு கையை இழந்தார்.

ஆனால் அந்த இரத்தம் வீண்போகவில்லை. மறு ஆண்டே பழைய உரிமம் ஒழிந்தது. ஆண்டுக்கு ஒரு பவுன் கட்டினால் போதும், தோண்டும் உரிமையும் உண்டு, ஓட்டுரிமையும் உண்டு என்று புதிய சீட்டு வந்தது. லேலர் சட்டமன்ற உறுப்பினரானார். அந்தச் சீட்டு இன்றும் இருக்கிறது. சிறு தொகை கட்டி வாங்கினால் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். கண்டெடுத்த தங்கமும் எடுத்தவருக்கே சொந்தம்.

காடு யாருடையது?

உரிமைச் சீட்டு இருந்தால் போதுமா? தேட இடம் வேண்டாமா? ஒரு காடு தேசியப் பூங்காவாகிவிட்டால், குறிப்பிட்ட சில பகுதிகளைத் தவிர அங்கே தங்கம் தேட அனுமதி இல்லை. ஆகவேதான் இவர்கள் 1980-இல் சங்கம் அமைத்தார்கள். அரசாங்கம் விசாரணை வைத்தால் சங்கம் கருத்தை எழுதிக் கொடுக்கிறது. சட்டமன்ற உறுப்பினர்களைச் சந்திக்கிறது. 2002-இல் தங்க வயல் காடுகள் பல பூங்காக்களானபோதும், 2021-இல் மேலும் சில தேசியப் பூங்காக்கள் அமைக்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்தபோதும் சங்கம் எதிர்த்துக் குரல் கொடுத்தது.

எதிர்த்தரப்பையும் கேட்போம். தங்கத்துக்காக அந்நாளில் வெட்டிய மரங்களுக்குக் கணக்கில்லை. சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்கவும் அடுப்பெரிக்கவும் காடு காடாக அழித்தார்கள். எஞ்சியதையாவது பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் விட்டுவைக்க வேண்டாமா என்று இயற்கை ஆர்வலர்கள் கேட்பது நியாயந்தானே? இன்னொரு குரலும் உண்டு. வெள்ளையர் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் ஜா ஜா வுரங் ஆதிகுடியினர். 2013-இல் விக்டோரியா அரசாங்கம் அவர்களோடு உடன்படிக்கை செய்து, அவர்களே அந்த மண்ணின் பாரம்பரிய உரிமையாளர்கள் என்று ஏற்றுக்கொண்டது. பொது நிலம் என்று நாம் சொல்லும்போது, அது முதலில் யாருடைய நிலம் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்தனை பேருக்கும் நடுவில் தங்கம் தேடுவோர் எதைச் சொல்லி இடம் கேட்பது? யுரேகா வரலாற்றைச் சொல்லலாம். ஆனால் அதைவிட வலுவான சாட்சி ஒன்று உண்டு. அதுதான் அவர்கள் மூடிவிட்டுப் போகும் குழி! இயந்திரம் வைத்துத் தோண்டக்கூடாது, செடிகொடிகளைச் சிதைக்கக்கூடாது, ஆதிகுடியினரின் சின்னங்களைத் தொடக்கூடாது, தோண்டிய குழியை மூட வேண்டும் என்பது விதி. ஒருவர் குழியைத் திறந்தபடி விட்டுப் போனால் போதும், சங்கம் எழுதிய நூறு மனுக்களும் பாழ்.

வாசகர்களே, நமக்குத் தங்க வயல் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பிள்ளைகள் ஓடியாடும் திடல் இருக்கிறது. தூண்டில் போடும் ஆற்றங்கரை இருக்கிறது. ஒரு நாள் அங்கே வேலி முளைத்தால், காப்பிக் கடையில் ஆளுக்கொரு மூலையில் புலம்புவதோடு நிறுத்திக்கொள்கிறோம். ஊர் கூடினால்தானே தேர் நகரும்? பெயரெழுதிக் கையெழுத்திட்டு ஒரே குரலாகக் கேட்கப் பழகுவோம். அப்படிக் கேட்கப் போகுமுன், நாம் போட்ட குப்பையை நாமே பொறுக்கியிருக்கிறோமா என்றும் பார்த்துக்கொள்வோம்.