கேக் அந்நியம் என்றால் மிளகாயும் அந்நியம்தான்

டிசம்பர் பிறந்தால் போதும், ஒரு வாட்ஸ்அப் செய்தி கிளம்பிவிடுகிறது. "கேக் வெள்ளைக்காரன் விட்டுப்போன பண்டம். கிறிஸ்துமஸ் தட்டு வந்தால் வாங்காதீர்கள்." இந்த வருடம் நம் முத்துப்பேட்டைக் குழுக்களிலும் அது சுற்றுகிறது. அனுப்பியவர்களில் என்னிடம் படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். வரலாறு நடத்திய வாத்தியார் சும்மா இருக்கலாமா?

முதலில் அந்த வெள்ளைக்காரன் பண்டத்தைப் பார்ப்போம். 1927இல் லண்டனில் 'பேரரசு கிறிஸ்துமஸ் புட்டிங்' என்று ஒரு செய்முறையை அரசு வாரியமே விளம்பரம் செய்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் சமையல்காரர் கொடுத்தது. உலர்திராட்சை ஆஸ்திரேலியாவிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும். பட்டை இலங்கை. கிராம்பு சான்சிபார். ரம் ஜமைக்கா. மசாலாத்தூள் நம் இந்தியா. இங்கிலாந்தின் பங்கு மாவு, ரொட்டித்தூள், பீர்! ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பது இதுதான்.

நம் மிளகுத்தண்ணியை அவர்கள் 'முல்லிகடானி' என்று பெயர் மாற்றி சூப்பாகக் குடித்தார்கள். அந்நியம் என்று கொட்டிவிடவில்லை.

இன்னொன்று கேளுங்கள். இங்கிலாந்திலேயே 1647இல் நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ் பண்டிகையை ஒழித்துச் சட்டம் போட்டது. தூய்மைவாதிகளுக்கு அது கலப்படப் பண்டிகையாகப் பட்டது. அந்த டிசம்பரில் கேன்டர்பரி நகரில் மக்கள் கலவரமே செய்தார்கள். 1660இல் மன்னராட்சி திரும்பியது, பண்டிகையும் கூடவே திரும்பியது. அடுப்பங்கரையில் தூய்மை பேசியவர்கள் எந்த ஊரிலும் ஜெயித்ததில்லை.

சரி, அந்நியம் வேண்டாம் என்பவர்கள் முழுசாக நில்லுங்கள். மிளகாய் போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது, குழம்பிலிருந்து எடுத்துவிடுங்கள். உருளைக்கிழங்கும் தக்காளியும் தென்னமெரிக்கச் சரக்கு. மசால்தோசையை மறந்துவிடுங்கள். காப்பியும் வேண்டாம். காலையில் எழுந்து நீராகாரம் குடித்துவிட்டு அப்புறம் வந்து செய்தி அனுப்புங்கள்.

அந்தத் தட்டில் என்ன வருகிறது என்றாவது பார்த்தீர்களா? ஒரு துண்டு கேக். அதைச் சுற்றி முறுக்கு, அதிரசம், அச்சுமுறுக்கு. நம் வயல் அரிசியை இடித்துச் சுட்டது. எதைத் திருப்பி அனுப்புகிறீர்கள்?

உடம்புக்கு ஆகாது என்றால் அது நியாயம். சர்க்கரை உள்ள நானும் அரைத் துண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் இந்தச் செய்தியின் குறி கேக் இல்லை, தம்பிகளே. தட்டைக் கொண்டுவரும் கை.

ரம்ஜான் மாதத்தில் பள்ளிவாசலிலிருந்து தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வாங்கிக் குடிக்காத தெரு இங்கே உண்டா? ஜாம்புவானோடை தர்காவில் மதம் கேட்டா உள்ளே விடுகிறார்கள்? இன்று கேக் ஆகாது என்பவர்கள் நாளை கஞ்சி ஆகாது என்பார்கள். மறுநாள் நீங்கள் கொடுத்தனுப்பும் சர்க்கரைப் பொங்கல் உங்கள் வாசலுக்கே திரும்பி வரும். அரசியல்வாதி ஓட்டை எண்ணிக்கொண்டு போய்விடுவான். பக்கத்து வீட்டில் ராத்திரி நெஞ்சுவலி என்றால் ஆட்டோ பிடிக்க ஓடப்போவது நீங்கள்தான்.

அதனால் தட்டு வந்தால் வாங்குங்கள். வாங்கிய தட்டை வெறும் தட்டாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பதுதான் நம் ஊர் வழக்கம்.