கடைமடையிலிருந்து ஒரு கேள்வி

தோழா!

“மேட்டூரிலே நீர் இருக்கிறதாம், என் வயலிலே இல்லையே!” – கடைமடை உழவனின் இந்தக் குமுறலை நீ கேட்டிருப்பாய். 93.47 டி.எம்.சி. கொள்ளும் பேரணை அது. ஆயினும், நாற்றின் தாகத்தை உடனே தீர்ப்பது தொலைவிலுள்ள அணையன்று, வயலோரத்துக் குளம்!

சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் எழுந்துள்ள தரவு மையங்களின் கதையும் இதுதான். தகவல் குவிந்து கிடக்கும் வட்டு, அணை. கணக்கிடும் செயலி, வயல். இடையிலுள்ள நினைவகமே குளம். குளம் சிறுத்தால் செயலி காத்துக் கிடக்கும். காத்துக் கிடக்கையிலும் மின்சாரம் குடிக்கும்!

எனவே குளத்தை ஆழப்படுத்துகிறார்கள். நினைவகப் பலகை செருக 32 இடங்கள் கொண்ட சர்வர் ஒன்றை எடுத்துக்கொள். 64 ஜி.பி. பலகைகளால் நிரப்பினால் 2,048 ஜி.பி.; 256 ஜி.பி. பலகைகளால் நிரப்பினால் 8,192 ஜி.பி.! நான்கு சர்வர்களின் நினைவை ஒன்றே தாங்கும். நினைவகப் பற்றாக்குறைக்காகவே சர்வர்களைப் பெருக்கியவர்க்கு இடம் மிச்சம், மின்சாரம் மிச்சம்.

எல்லாம் இலாபந்தானா? இல்லை. பெரும் பலகையிலே ஒவ்வொரு ஜி.பி.யின் விலையும் கூடுதல். ஒரு சர்வர் படுத்தால் நான்கின் வேலை படுக்கும். அதோடு, இது கசியும் குளம்! நொடியின் சிறு கூறுக்குள் மின்னேற்றத்தைப் புதுப்பித்தாக வேண்டும். பயன்படாத கொள்ளளவும் மின்சாரம் கேட்கும்.

இந்த நதியின் தலைமடை யார் கையிலே? சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் – உலகின் டிராம் நினைவகத்தில் பெரும்பங்கு இம்மூவரிடம்! செயற்கை அறிவு மையங்களின் பெரும்பசிக்கு உற்பத்தி திரும்பியதும், 2025 இறுதியில் விலை எகிறியது. பொதுமக்களுக்கு விற்றுவந்த குருஷியல் வணிகத்தைக் கைவிடுவதாகவே மைக்ரான் அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது.

பெருநிறுவனங்கள் முன்பணம் கொட்டிப் பங்கை உறுதி செய்துகொள்ளும். 2024 செப்டம்பரில் தஞ்சையிலே திறக்கப்பட்ட மினி டைடல் பூங்காவில் தொழில் தொடங்கும் இளைஞன் என்ன செய்வான்? சர்வரை வாடகைக்கே எடுப்பான். விலையேற்றம் படிப்படியாக இறங்கி அவன் தலையிலே விழும். அவன்தான் கடைமடை!

2021-இல் தரவு மையக் கொள்கை வகுத்தது தமிழ்நாடு. நன்று! ஆனால் கட்டடம் நம்முடையது. உள்ளிருக்கும் நினைவகமோ இறக்குமதி. 2023-இல் குஜராத்தின் சானந்தில் மைக்ரான் தொடங்கிய ஆலைப்பணிகூடச் சில்லைப் பொதியவும் சோதிக்கவுந்தான், வார்ப்பதற்கன்று.

காவிரிக்கு வழக்காடினோம், 2018-இல் உச்சநீதிமன்றம் 177.25 டி.எம்.சி. என்று நமக்குத் திறந்துவிட வேண்டிய நீரை வரையறுத்தது. இந்த நதிக்கு எந்த நீதிமன்றம் பங்கு பிரிக்கும்?

பிரிக்காது, தோழா! கட்டடத்துக்குத் தரும் சலுகையில் ஒரு பங்கை நினைவகம் செய்யும் கலைக்கும் கொடு என்று கேட்போம். ஊற்றுக்கண்ணை நாமே தோண்டினாலன்றிக் கடைமடை நனையாது!